தரையில் பறக்கப் பழகலாமா?

நீந்தத் தெரிந்துகொண்ட பிறகே நீரில் இறங்குவேன் என்று ஒருவன் சொன்னால் நாம் நகைப்போம். பறக்கத் தெரிந்துகொண்ட பிறகே வானில் ஏறுவேன் என்று ஒருவன் சொன்னால் நகைப்பதற்கு இடமில்லை. நீரில் தத்தளிப்பவனைக் கைகொடுத்துக் கரையேற்றலாம். வானில் தத்தளிப்பவனுக்குக் கரை ஏது? ஆகவேதான், விமானி வானில் செய்யவேண்டிய காரியங்களைத் தரையிலேயே செய்து பழகுவதற்கு மனிதன் ஒரு பொறியை அமைத்தான். பாவனை விமானம் என்று அதைச் சொல்லலாம்; ‘சிமுலேட்டர்’ என்றால் இன்று எல்லாருக்கும் விளங்கும்.

இந்தப் பொறிக்கு இப்போது ஓர் இளைய தம்பி பிறந்திருக்கிறான். ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்பது அவன் பெயர். மெய்நிகர்க் காட்சி என்று தமிழில் வழங்குகிறோம். முகமூடி போன்ற ஒரு கருவியைக் கண்களின்மேல் மாட்டிக்கொண்டால், நம் அறை மறைந்து வேறோர் உலகம் தோன்றுகிறது. தலையை இடப்புறம் திருப்பினால் விமானத்தின் இறக்கை தெரிகிறது. குனிந்து பார்த்தால் வயலும் ஏரியும் தெரிகின்றன. பெரிய சிமுலேட்டர் ஒன்றின் விலை பல பத்துக் கோடி ரூபாய். இந்த முகமூடியின் விலையோ ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியானால் இதையே வாங்கிப் பயிற்சி கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அது தகுமா, தகாதா என்பதை எப்படி முடிவு செய்வது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

நான் திருத்தங்கலில் வாழ்பவன். எங்கள் ஊரில் விமான நிலையம் இல்லை. விமானம் ஏறவேண்டுமானால் மதுரைக்குச் செல்லவேண்டும். ஆனால் முதற்பிழையே கடைசிப் பிழையாகிவிடக்கூடிய தொழில் எங்கள் வட்டாரத்தில் உண்டு. பட்டாசு மருந்து கலக்கும் அறையில் தவறு செய்துதான் பாடம் கற்பேன் என்று எவரும் சொல்ல முடியாது. ஆகவே, தவறு செய்தும் உயிரோடு வீடு திரும்பக்கூடிய ஒரு பள்ளிக்கூடம் எத்தகைய பெருமதிப்புடையது என்பதை எங்கள் ஊரார்க்கு அதிகமாக எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். அமெரிக்காவில் பிங்காம்டன் என்னும் ஊரில் எட்வின் லிங்க் என்ற இளைஞர் இருந்தார். அவருடைய தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் என்பது துருத்தியினால் காற்றை ஊதி இசை எழுப்பும் வாத்தியம். அந்தத் துருத்திகளையே கொண்டு, சாய்ந்தும் திரும்பியும் அசையும் ஒரு சிறு விமானத்தை லிங்க் 1929ஆம் ஆண்டில் அமைத்து முடித்தார். விமானப் பயிற்சியாளர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களே அதை விலைகொடுத்து வாங்கின. காசு போட்டால் ஆடும் விளையாட்டுச் சாமானாக அது சில ஆண்டுகள் கிடந்தது.

1934ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் தபால்களை விமானத்தில் கொண்டுசெல்லும் பொறுப்பு இராணுவ விமானிகளிடம் வந்து சேர்ந்தது. கடுங்குளிரும் மூடுபனியும் நிறைந்த காலம் அது. வெளியே பார்க்காமல், எதிரேயுள்ள மானிகளை மட்டும் நம்பிப் பறக்கும் வித்தையில் அவர்களுக்குப் போதிய பழக்கம் இல்லை. சில வாரங்களுக்குள் பல விமானிகள் உயிரிழந்தனர். அதன் பிறகே இராணுவத்தாருக்கு லிங்க்கின் விளையாட்டுச் சாமான் நினைவுக்கு வந்தது. ஒன்றுக்கு 3,500 டாலர் வீதம் ஆறு பொறிகளை வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இலட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினர். விளையாட்டுப் பொருள் என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடலாகாது என்பது இந்தக் கதையின் ஒரு பாடம்.

மற்றொரு பாடமும் உண்டு. அந்தப் பொறி எல்லாவற்றையும் கற்பிக்கவில்லை. மானிகளைப் படித்துப் பறக்கும் வித்தை ஒன்றையே அது செம்மையாகக் கற்பித்தது. அந்த ஒன்றுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆகையால், ஒரு பயிற்சிக் கருவியைப் பார்த்து, ‘இது உண்மையான விமானத்தைப் போலவே இருக்கிறதா?’ என்று கேட்பது சரியான கேள்வி அன்று. ‘இதில் கற்றது எது? கற்றது வானில் கைகொடுக்கிறதா?’ என்று கேட்பதே சரியான கேள்வி.

இந்தக் கேள்வியைக் கணக்காக மாற்றிக் கொடுத்தவர் ஸ்டான்லி ராஸ்கோ என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர். 1971ஆம் ஆண்டில் அவர் வகுத்துக் காட்டிய முறை கல்லூரி மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். கருவியில் ஒரு மணி நேரம் பழகியதால் விமானத்தில் எத்தனை மணி நேரம் மிச்சமாகிறது என்று முதலில் காணவேண்டும். பிறகு, கருவியின் ஒரு மணி நேரச் செலவு விமானத்தின் ஒரு மணி நேரச் செலவில் எத்தனை பங்கு என்று காணவேண்டும். மிச்சமாகும் அளவு செலவுப் பங்கைவிடப் பெரிதாக இருந்தால் கருவி தகும். சிறிதாக இருந்தால் தகாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இதில் வரும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. விமானத்தில் ஒரு மணி நேரத்திற்கு 12,000 ரூபாய், மெய்நிகர்க் கருவியில் ஒரு மணி நேரத்திற்கு 1,500 ரூபாய் என்று கொள்வோம். கருவிக் கட்டணத்தில் ஆசிரியரின் ஊதியம், மின்சாரம், பழுதுபார்க்கும் செலவு எல்லாம் அடக்கம். ஆகவே செலவுப் பங்கு எட்டில் ஒன்று. ஒரு மாணவன் கருவியில் முதல் இரண்டு மணி நேரம் பழகியதால் விமானத்தில் ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. 3,000 ரூபாய் கொடுத்து 12,000 ரூபாயைக் காப்பாற்றினான், மிகவும் நல்லது. அடுத்த இரண்டு மணி நேரம் அரை மணியை மிச்சப்படுத்துகிறது. 3,000 கொடுத்து 6,000 காப்பாற்றினான், இதுவும் நல்லதே. அதற்கடுத்த இரண்டு மணி நேரமோ பன்னிரண்டு நிமிஷத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது. 3,000 கொடுத்து 2,400 காப்பாற்றினான். இங்கே 600 ரூபாய் நஷ்டம். ஆகவே நான்கு மணி நேரத்தோடு முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு விமானத்தில் ஏறுவதே புத்திசாலித்தனம்.

கருவி அதுதான், மாணவனும் அவன்தான். முதலில் தகுந்தது பின்னர் தகாமற் போயிற்று. எனவே, ‘மெய்நிகர்க் காட்சி செலவுக்குத் தகுமா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. எந்தப் பாடத்திற்கு, எத்தனை மணி நேரம் வரை என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இனி, எந்தப் பாடத்திற்கு என்பதைப் பார்ப்போம். பெரிய சிமுலேட்டரில் விமானியின் அறை முழுவதும் ஆறு கால்களின்மேல் நிற்கிறது. அக்கால்கள் நீண்டும் குறுகியும் அறையைச் சாய்க்கின்றன. விமானம் வேகமெடுத்து ஓடும்போது நம் முதுகு ஆசனத்தில் அழுந்துகிறதல்லவா? அறையை மெல்ல மேல்நோக்கிச் சாய்த்தால், பூமியின் ஈர்ப்பே முதுகை அழுத்தி அந்த உணர்ச்சியை உண்டாக்கிவிடுகிறது. அங்கே இருக்கும் விசைகளும் நெம்புகோல்களும் உண்மையானவை. கை அவற்றைத் தொட்டுப் பழகுகிறது. அதனால்தான் அனுபவமுள்ள விமானி ஒருவர், மிக உயர்ந்த தரத்துச் சிமுலேட்டரில் மட்டும் பழகிவிட்டு, புதிய வகை விமானத்தில் பயணிகளோடு பறக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

முகமூடிக்கு இந்த உடம்பு இல்லை. அதை மாட்டியவனுக்குத் தன் சொந்தக் கையே தெரிவதில்லை; தெரிவது சித்திரக் கை. கண் ‘விமானம் திரும்புகிறது’ என்று சொல்ல, காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘இல்லை, நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறாய்’ என்று மறுக்கிறது. இந்தச் சச்சரவில் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. இந்நோய் புதிதன்று, பழைய ஹெலிகாப்டர் சிமுலேட்டரிலேயே 1957இல் இது பதிவாகியிருக்கிறது. மேலும், நல்ல கண்ணின் கூர்மைக்கு ஒரு பாகை அகலத்தில் சுமார் 60 புள்ளிகள் வேண்டும். கடையில் கிடைக்கும் முகமூடிகள் பலவற்றில் அதில் பாதியும் இல்லை. ஆகவே சிறு எழுத்துக்களும் மானிகளின் முட்களும் மங்கித் தெரிகின்றன.

ஆனால் முகமூடிக்கென்றே ஒரு சிறப்பும் உண்டு. இரு கண்களுக்கும் தனித்தனிக் காட்சி தருவதால் தூரமும் ஆழமும் தெரிகின்றன. எப்பக்கம் திரும்பினாலும் காட்சி தொடர்கிறது. தரைக்குச் சற்று மேலே அசையாமல் நிற்கவேண்டிய ஹெலிகாப்டர் விமானிக்கு இது பெரிய உதவி. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை முதன்முதலாக ஒரு மெய்நிகர்ப் பயிற்சிக் கருவிக்குச் சான்றிதழ் வழங்கியது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று அமைத்த அந்தக் கருவி, ராபின்சன் ஆர்-22 என்னும் சிறிய ஹெலிகாப்டருக்கு உரியது. அதில் முகமூடி மட்டும் இல்லை. உண்மையான பிடிகளும், அசையும் மேடையும் சேர்ந்தே இருக்கின்றன. கண்ணுக்குரியதை முகமூடியிடமும், கைக்குரியதை மெய்யான பிடியிடமும் ஒப்படைத்துவிட்டார்கள்.

கையை மறந்தால் என்ன நேரும்? எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சிறுவர்கள் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகுவார்கள். குடுக்கை மிதக்க வைக்கும் என்று காலை உதைக்காமலே இருந்து பழகியவன், குடுக்கையை அவிழ்த்த அன்று மூழ்குவான். அவன் கற்றது நீச்சல் அன்று, நீச்சலுக்கு மாறானது. விளையாட்டுப் பிடியைக் கொண்டு பறந்து பழகியவனும், வெளியே அடிவானத்தைப் பார்க்காமல் மானிகளையே உற்றுப் பார்த்துப் பழகியவனும் இவ்வாறே. அவனுக்குப் புதிதாகக் கற்பிப்பதற்குமுன் பழையதை மறக்கச் செய்யவேண்டும். இங்கே மிச்சம் என்பது பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. அருகில் ஓர் ஆசிரியர் இருந்து திருத்தாவிட்டால் கருவி பயிற்சியளிக்காது. பழக்கத்தை மட்டும் அளிக்கும். சென்னையை அடுத்த தாம்பரத்தில், விமானம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே கற்பிக்கும் பள்ளி ஒன்றை நம் விமானப்படை 1954 முதல் நடத்தி வருவதன் கருத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இதுவரை ரூபாய்க் கணக்கைச் சொன்னேன். அந்தக் கணக்குக்கு அடங்காத பாடமும் உண்டு. 1967ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டி.சி.-8 என்னும் பெரிய ஜெட் விமானத்தில் ஒரு பயிற்சி நடந்தது. நான்கு எஞ்சின்களில் இரண்டு நின்றுவிட்டதாகப் பாவித்து இறங்கிப் பழகினார்கள். விமானம் தரையில் மோதியது. அதில் இருந்த ஆறு பேரும், கீழே வீடுகளிலும் ஒரு விடுதியிலும் இருந்த பதின்மூன்று பேரும் மாண்டனர். ஆபத்தைச் சமாளிக்கக் கற்கும் முயற்சியே ஆபத்தாக முடிந்தது. எஞ்சின் நின்றுபோதல், தீப்பற்றுதல் போன்ற பாடங்களில், விமானத்தில் ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று கேட்பதற்கே இடமில்லை. அங்கே ஈடு வைப்பது உயிர். இத்தகைய பாடத்திற்குப் பாவனைப் பொறி எவ்வளவு விலையானாலும் மலிவுதான்.

சிக்கனம் தாமதமாக மாறினாலும் தீங்குதான். நம் நாட்டில் இளம் போர் விமானிகள், மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து மிக வேகமான மிக்-21 விமானத்துக்கு ஒரே தாவாகத் தாவவேண்டியிருந்தது. இடையில் ஒரு படி வேண்டும், அதற்கென்று உயர்தரப் பயிற்சி ஜெட் விமானம் வேண்டும் என்று லா ஃபாண்டேன் குழு 1982இல் பரிந்துரைத்தது. ‘ஹாக்’ விமானத்துக்கு ஒப்பந்தம் 2004இல் கையெழுத்தாயிற்று. 2008இல் அது பீதர் நகரில் படையில் சேர்ந்தது. ஒரு படியை அமைக்க இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. படி விலை அதிகம் என்று தயங்குவோர், படி இல்லாமல் விழுவோரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

ஆக, என் முடிவு இது. மெய்நிகர்க் காட்சி கண்ணுக்கும் தீர்மானத்துக்கும் நல்ல ஆசான். கைக்கும் உடம்புக்கும் அரைகுறை ஆசான். எங்கே பார்த்துத் தெரிந்து விரைந்து முடிவு செய்வது பாடமோ, அங்கே அதற்குச் செலவிடலாம். எங்கே தொட்டுப் பழகுவது பாடமோ, அங்கே மெய்யான பொருளுக்கே செலவிடவேண்டும். இந்த விதி விமானத்தோடு நின்றுவிடுவதன்று. பட்டாசு ஆலையில் தீ எவ்வாறு அறைவிட்டு அறை தாவும், எந்த வாசல் வழியே ஓடவேண்டும் என்பதை முகமூடியின் உள்ளே நூறு முறை காட்டலாம். ஒருவர்க்கும் ஒரு மயிரும் கருகாது. ஆனால் மருந்தை உராயாமல் கையாளும் கையின் பக்குவத்தை எந்த முகமூடியும் தராது. அதை மூத்த தொழிலாளியின் அருகே நின்று, உரிய பாதுகாப்போடு கற்கவேண்டும்.

விமானியாக விரும்பும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெறுவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். வீட்டில் முகமூடி மாட்டிப் பறந்த நேரத்தில் ஒரு நிமிஷமும் அதில் சேராது. ஆயினும் விமான நிலையத்தைச் சுற்றி வரும் வழி, செய்யவேண்டியவற்றின் வரிசை, எதை முதலில் நோக்கவேண்டும் என்னும் ஒழுங்கு ஆகியவற்றை அதில் மனப்பாடம் செய்துகொண்டு போனால், வானில் ஆசிரியர் சொல்வது சட்டென்று விளங்கும். தந்தையார் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி வீணாகாது. வாங்குவதற்குமுன் ஒரு தாளில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: இதில் நான் கற்கப்போவது எது? எந்த நாளில் இதைக் கழற்றி வைப்பேன்? இரண்டுக்கும் விடை எழுத முடிந்தால் வாங்கலாம்.