குளத்துக்கு வெளியே நிற்கும் தண்ணீர்

வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்ட நினைப்பவர்கள் என்னைப் பார்க்க வரும்போது கைபேசியில் ஒரு படம் தயாராக இருக்கும். நீலத் தண்ணீர், ஓரத்தில் ஒரு தென்னை, சாய்வு நாற்காலி. "இதே மாதிரி வேணும் மேடம். கான்கிரீட்ல போடலாமா, ஃபைபர்ல போடலாமா, இல்ல லைனர்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவா?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "கார்த்திகை மாசம் உங்க கிணத்துல தண்ணி எத்தனை அடியில நிக்கும்?"

நீலாங்கரைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே குளம் கட்டிக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. நடுநடுவே கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத் தோட்ட வீடுகளும் உண்டு. எல்லோருக்கும் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே கசிந்துவிடுமோ என்ற பயம். எனக்கு வெளியே மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர்மேல்தான் கண்.

குளம் நிறைந்திருக்கும்போது தொல்லை இல்லை. உள்ளிருந்து தண்ணீர் சுவரை வெளியே தள்ளும், வெளியிலிருந்து மண் உள்ளே தள்ளும், இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்த அன்று கதை மாறும். வெறும் குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினால் கையை மீறி மேலே வருமே, அதே கதிதான் ஈர மண்ணுக்குள் காலியாகக் கிடக்கும் குளத்துக்கும்.

கணக்கு எளிது. 25 அடி நீளம், 12 அடி அகலம், உள்ளே நாலரை அடி ஆழம் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். சுவரையும் சேர்த்தால் அடித்தளத்தின் பரப்பு சுமார் 32 சதுர மீட்டர். அடிமட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஒரு மீட்டர் ஏறி நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு டன் வீதம் 32 டன் விசை அதை மேலே தூக்கும். சுவரும் தளமும் 20 சென்டிமீட்டர் கனத்தில் உள்ள கான்கிரீட் குளத்தின் எடையும் கிட்டத்தட்ட அதே 32 டன்தான். இன்னும் அரையடி தண்ணீர் ஏறினால் கான்கிரீட்டே தோற்றுவிடும். ஃபைபர் தொட்டியோ மொத்தமே ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும்.

முட்டுக்காடு பக்கம் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். நல்ல ஃபைபர் தொட்டி, நான் போட்டதில்லை. அடைமழை ஓய்ந்ததும் பச்சைப் பாசி பிடித்திருக்கிறதே என்று வீட்டுக்காரர் மோட்டார் போட்டு முழுவதையும் இறைத்துவிட்டார். மறுநாள் காலை வாட்ச்மேன் போன் செய்து, "சார், குளம் எழுந்திரிச்சிடுச்சு" என்றாராம். ஒரு பக்கம் முக்கால் அடி மேலே வந்திருந்தது. சுற்றிப் பதித்த கடப்பா கல் உடைந்து, குழாய்கள் முறிந்து கிடந்தன. தூக்கிய தொட்டியின் அடியில் மணல் சரிந்து நிரம்பிவிடும். அதனால் அதை அப்படியே அமுக்கி உட்கார வைக்க முடியாது. மொத்தமாக எடுத்துவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும்.

ஆகவே எந்த வகை என்று பேசும் முன்னால் ஒரு மூலையில் ஏழடிக் குழி தோண்டச் சொல்வேன். ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் அளந்து பார்க்க வேண்டும். சித்திரையில் பார்த்துவிட்டுத் தண்ணீரே இல்லை என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை. கடலோர மணலில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் நீர்மட்டம் சில நாட்களிலேயே விறுவிறுவென்று ஏறிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பனையூரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீட்டுக் குழியில் மூன்றடியிலேயே தண்ணீர். "அப்போ குளமே வேண்டாமாம்மா?" என்று வருத்தப்பட்டார். குளத்தைத் தரைக்கு மேல் இரண்டடி தூக்கிக் கட்டினோம். தோண்டியது போக எஞ்சிய உயரம் தரைக்கு மேலே சுவராக நிற்கிறது. அந்தச் சுவரை அகலமாக்கிக் கடப்பா பதித்ததும் திண்ணை ஆகிவிட்டது. மாலையில் அவரும் அவர் மனைவியும் அதில் உட்கார்ந்துதான் காபி குடிக்கிறார்கள். குளத்துக்குள் அவர்கள் இறங்கி நான் பார்த்ததில்லை, பேரப்பிள்ளைகள்தான் இறங்குகிறார்கள்.

நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் நான் கான்கிரீட்டின் பக்கம்தான். எடை அதன் பலம். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஓரடி நீட்டிவிட்டால் அந்த நீட்டலின்மேல் கிடக்கும் மணலும் சேர்ந்து அமுக்கும். மேலே சொன்ன அளவுக் குளத்தில் அது நனைந்த நிலையிலும் பத்து டன் அளவுக்குக் கூடுதல் பாரம். அடியில் ஒரு வால்வு வைப்பதும் உண்டு. வெளியே நீர் அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விட்டுவிடும். தண்ணீர் கலங்கும், ஆனால் குளம் எழும்பாது. பக்கத்திலேயே நாலு அங்குல பி.வி.சி. குழாயில் துளை போட்டு, வலை சுற்றி, ஜல்லிக்குள் நிறுத்தி வைப்பேன். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் வெளி நீர்மட்டம் தெரியும். அதைப் பார்க்காமல் குளத்தை இறைக்கக் கூடாது என்பது என் வாடிக்கையாளர்களுக்கு நான் போடும் ஒரே கட்டளை.

கான்கிரீட் என்றதும் எல்லா கான்கிரீட்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் தாங்கும் கட்டுமானங்களுக்கு ஐ.எஸ். 3370 என்று தனி விதி இருக்கிறது. எம்-30 தரக் கலவை வேண்டும், விரிசல் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிற அளவுக்குக் கறார். கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதில் நானும் கறார்தான், உப்புக்காற்று கம்பியைச் சும்மா விடாது. செலவு மிச்சம் என்று செங்கல் சுவர் எழுப்பி உள்ளே பூசிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிசயம்.

கசிவு பெரும்பாலும் நடுச்சுவரில் வராது. தளமும் சுவரும் சேரும் இடம், குழாயும் விளக்கும் சுவரைத் துளைக்கும் இடம், இவைதான் வழக்கமான திருட்டு வாசல்கள். தளம் போடும்போதே சுவரின் முதல் அரையடியையும் சேர்த்து வார்த்து, அதற்குள் பி.வி.சி. வாட்டர் பார் பட்டையைப் புதைத்துவிட வேண்டும். குழாய்களையும் விளக்குப் பெட்டியையும் கம்பி கட்டும்போதே பொருத்திவிட வேண்டும். பிற்பாடு உளி வைத்து உடைத்துச் செருகினால் அந்த ஓட்டை ஆயுளுக்கும் அழும். கலவை ஊற்றும் நாளில் வைப்ரேட்டர் ஒன்று உபரியாக இல்லாமல் நான் லாரியை உள்ளே விடுவதில்லை.

நீர்க்கசிவைத் தடுக்கும் கவலை இன்று நேற்று வந்ததில்லை. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். நெருக்கி அடுக்கிய செங்கல்லுக்குப் பின்னால் நிலக்கீல் பூசியிருந்தார்கள். நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய வாட்டர் புரூஃபிங். அமெரிக்காவில் பின்வாசல் குளங்கள் பெருகியதற்கு ஒரு காரணமான பீய்ச்சு கான்கிரீட்டின் கதை இன்னும் வேடிக்கை. பலகை வைத்து அடைக்காமல், கம்பிக்கூட்டின்மேல் காற்றழுத்தத்தால் கலவையை அடித்து ஒட்ட வைக்கும் கருவிக்கு 1911-இல் காப்புரிமை வாங்கியவர் கார்ல் ஏக்லி. விலங்குகளைப் பாடம் செய்வது அவர் தொழில், ஜம்போ என்ற புகழ்பெற்ற சர்க்கஸ் யானையைப் பாடம் செய்ததில் அவர் கையும் உண்டு. சிகாகோ அருங்காட்சியகத்தின் உதிரும் வெளிச்சுவரைச் சரிசெய்யத்தான் அவர் இந்தக் கருவியை உருவாக்கினார். வளைந்து நெளிந்த வடிவங்களுக்கு அந்த முறை அருமை. நம் ஊரில் வீட்டுக் குளத்துக்கு இன்னமும் சென்ட்ரிங் அடித்து ஊற்றுவதுதான் வழக்கம். அதற்குப் பழகிய மேஸ்திரிகள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள்.

கான்கிரீட்டின் குறை நாட்கள். தோண்டி, ஊற்றி, நீராற்றி, ஒரு வாரம் தண்ணீர் நிறுத்திச் சோதித்து, அதன்பின் டைல்ஸ் ஒட்டி முடிக்க மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். சோதிக்கும் முன் டைல்ஸ் ஒட்ட யாராவது அவசரப்படுத்தினால் உடன்படாதீர்கள். கசிவு டைல்ஸுக்குப் பின்னால் போய்விட்டால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கண்ணாடி மொசைக் பார்க்க அழகு, அதன் இடுக்குகளில் அடைக்கும் கிரௌட்தான் முதலில் கரையும். அதில் மட்டும் எபாக்ஸிக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

ஃபைபர் தொட்டியை நான் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்பு, செம்மண், கிணற்றில் தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே. அங்கே ஃபைபர்தான் சரி என்று நானே சொன்னேன். ஒரே அச்சில் வார்த்த தொட்டி, இணைப்பே கிடையாது. உள்ளே வழவழப்பான ஜெல்கோட் பூச்சு, பாசி லேசில் பிடிக்காது, குழந்தைகளின் பாதம் தேயாது. குழி தயாராக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் நீந்தலாம். இறக்கிய பிறகு ஒரு நுணுக்கம் உண்டு: உள்ளே ஓரடி தண்ணீர், வெளியே ஓரடி சிறுஜல்லி என்று மாற்றி மாற்றி நிரப்பிக்கொண்டே வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சுவர் வயிறு தள்ளிவிடும்.

அதைக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் பாடு. நம் சாலைச் சட்டப்படி சாதாரண லாரியின் அகலம் 2.6 மீட்டர். அதற்கு மேற்பட்ட தொட்டியைத் தனி அனுமதியோடு கொண்டுவர வேண்டும், அல்லது துண்டுகளாக வாங்கிச் சேர்க்க வேண்டும். துண்டுகள் என்றால் இணைப்பு இல்லை என்ற பெருமை போய்விடுகிறது. வீட்டைத் தாண்டிப் பின்பக்கம் இறக்க கிரேன் வேண்டும். தெருவில் மின்கம்பி தாழ்ந்து தொங்கினால் மின்வாரியத்துக்கு நடக்க வேண்டும். வடிவமும் விற்பவர் வைத்திருக்கும் அச்சில் உள்ளதுதான்.

கரிசல் மண் இன்னொரு சங்கடம். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஃபைபர் சுவரை நெளிக்கும், மெல்லிய கான்கிரீட்டைக் கீறும். அங்கே எந்த வகையானாலும் சுற்றிலும் அடியிலும் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு கிராவல் கொட்டி இறுக்கிய பிறகுதான் வேலை.

லைனர் என்பது உள்ளே விரிக்கும் பி.வி.சி. விரிப்பு. சுவர் வெறும் தாங்கல், தண்ணீரைப் பிடிப்பது விரிப்பு. அமெரிக்காவில் முக்கால் மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய விரிப்பைத் தொங்கவிடுகிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில், நடுவே நூல்வலை வைத்து, இடத்திலேயே சூடுகாற்றால் ஒட்டும் விரிப்பு அதைவிட உறுதி. ஆரம்பச் செலவு குறைவுதான். பத்து வருடத்தை ஒட்டி மாற்ற நேரிடும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நாய் நகம் கீறும், வெளித்தண்ணீர் பின்னால் புகுந்தால் விரிப்பு மிதந்து சுருக்கம் விழும். புதுக் குளத்துக்கு நான் இதை அதிகம் சொல்வதில்லை. பழைய கான்கிரீட் குளம் தீராமல் கசிகிறதென்றால், டைல்ஸை உடைக்காமல் மேலேயே மெத்துத் துணி விரித்து லைனர் ஒட்டிவிடுவது மலிவான வைத்தியம்.

கசிகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் குளத்தின் படியில் வையுங்கள். இரண்டிலும் மட்டத்தைப் பென்சிலால் குறித்து ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது. குளம் மட்டும் அதிகம் இறங்கினால் ஆளைக் கூப்பிடுங்கள். நம் கோடையில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியாவது சாதாரணம். மேற்சொன்ன குளத்தில் அதுவே 140 லிட்டர்.

முழுக் குளத்துக்கு ஏறக்குறைய 38,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் மூன்றுக்குச் சற்று மேல். 2019 கோடையில் டேங்கருக்குக் காத்திருந்த ஊரில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நல்ல வடிகட்டியும் மேலே ஒரு மூடியும் இருந்தால் வருடக்கணக்கில் அதே தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஆறு மணி நேரம் ஓட நாளுக்கு நாலரை யூனிட் மின்சாரம். கார-அமில அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் போட்டதும் காபி நிறம் வரும், முதலில் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.

ஆழம் நாலடி போதும். தலைகீழாகக் குதிக்கும் ஆசைக்கு வீட்டுக் குளத்தில் இடமில்லை. அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாய் ஒன்றோடு நிறுத்த நான் சம்மதிப்பதில்லை. குறைந்தது மூன்றடி இடைவெளியில் இரண்டு வைப்பேன். ஒன்றைக் குழந்தையின் முடியோ முதுகோ அடைத்தாலும் மற்றொன்று இழுத்துக்கொள்ளும். விளக்குகள் 12 வோல்ட், அந்த மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். இங்கே, "காம்பவுண்டு சுவர்தான் இருக்கே மேடம்" என்கிறார்கள். காம்பவுண்டு தெருப்பிள்ளைகளைத்தான் தடுக்கும். சமையலறைப் பின்கதவைத் திறந்துகொண்டு தவழ்ந்து வரும் வீட்டுக் குழந்தைக்கு நடுவே எதுவும் இல்லை. வேலிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் வரை நான் பொக்லைனுக்குச் சொல்லி அனுப்புவதில்லை.