43 விநாடி துண்டிப்பு... 24 மணி நேரத் திண்டாட்டம்: டேட்டா அழியாமல் காக்கும் 'ரெப்ளிகேஷன்' எப்படி வேலை செய்கிறது?

ஆன்லைனில் பணம் அனுப்புறீங்க. திரையில் 'வெற்றி' என்று பச்சை டிக் வந்துவிட்டது. அடுத்த விநாடியே அந்தக் கணக்கை எழுதிவைத்த சர்வர் செயலிழந்தால் என்னாகும்? பணம் போனதா, இல்லையா?

இந்தச் சிக்கலுக்கான தீர்வுதான் ரெப்ளிகேஷன். அதாவது, ஒரே டேட்டாவைப் பல சர்வர்களில் நகலாக வைத்திருப்பது. ஆனா, நகல் இருந்தா மட்டும் போதுமா? போதாது என்பதைப் பெரிய நிறுவனங்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டன.

ரெப்ளிகேஷன்னா என்ன?

பல சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸாக இயங்குவதை 'கிளஸ்டர்' என்கிறார்கள். பெரும்பாலும் அதில் ஒரு சர்வர்தான் 'பிரைமரி'. புதிய பதிவுகள் முதலில் அதில்தான் ஏறும். மற்றவை 'ரெப்ளிகா'. பிரைமரியில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் 'லாக்' என்ற பதிவேட்டில் வரிசையாக எழுதப்படும். ரெப்ளிகாக்கள் அதை வாங்கி, அதே வரிசையில் தங்களிடமும் எழுதிக்கொள்ளும். பிரைமரி படுத்துவிட்டால், ஒரு ரெப்ளிகா பொறுப்பேற்கும். இதுதான் 'ஃபெயில்ஓவர்'.

'சேவ் ஆயிடுச்சு' என்று எப்போ சொல்றது?

விஷயமே இங்கதான் இருக்கு. பிரைமரி தன்னிடம் எழுதியவுடனே 'சேவ் ஆயிடுச்சு' என்று சொல்லிவிட்டு, நகலைப் பிறகு அனுப்பலாம். இது 'அசிங்க்ரனஸ்' முறை. வேகம் அதிகம். ஆனால் நகல் போய்ச் சேரும் முன் பிரைமரி செயலிழந்தால், கடைசி சில பதிவுகள் ரெப்ளிகாவில் இருக்காது.

ரெப்ளிகாவும் எழுதி முடித்த பிறகே பதில் சொல்வது 'சிங்க்ரனஸ்' முறை. பாதுகாப்பு அதிகம். ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் காத்திருக்க வேண்டும்.

கிட்ஹப்பில் என்ன நடந்தது?

2018 அக்டோபர் 21. மென்பொருள் கோடுகளைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில், பழுதான ஆப்டிகல் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பணி நடந்தது. அப்போது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் இருந்த அதன் முதன்மை டேட்டா சென்டரின் இணைப்பு துண்டானது. 43 விநாடிகளில் இணைப்பு திரும்பிவிட்டது.

ஆனால் அதற்குள் ஃபெயில்ஓவர் மென்பொருள், மேற்குக் கடற்கரை டேட்டா சென்டரைப் புதிய பிரைமரியாக்கிவிட்டது. கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவே இல்லை. பரபரப்பான ஒரு கிளஸ்டரில் மட்டும் இப்படி 954 பதிவுகள் சிக்கின. மேற்கோ, சுமார் 40 நிமிடங்களுக்குப் புதிய பதிவுகளை ஏற்றிருந்தது. அங்கே இருப்பது இங்கே இல்லை, இங்கே இருப்பது அங்கே இல்லை!

வேகத்தைவிட டேட்டாதான் முக்கியம் என்று கிட்ஹப் முடிவெடுத்தது. விளைவு, 24 மணி நேரம் 11 நிமிடம் சேவை முழுமையாகக் கிடைக்கவில்லை.

இதுக்கு என்ன தீர்வு?

'பெரும்பான்மை' விதி. 3 சர்வர்களில் 2, அல்லது 5 சர்வர்களில் 3 எழுதி முடித்தால்தான் பதிவு செல்லும். புதிய தலைமையைத் தேர்வு செய்யவும் அதே பெரும்பான்மை வேண்டும். எந்த இரண்டு பெரும்பான்மையை எடுத்தாலும், இரண்டிலும் பொதுவாக ஒரு சர்வராவது இருக்கும். அதனால் உறுதியான பதிவு இல்லாத சர்வர் தலைமைக்கு வர முடியாது. துண்டிக்கப்பட்டுத் தனியாக நிற்கும் சிறுபான்மையும் புதிய பதிவை உறுதிசெய்ய முடியாது.

2014-ல் வெளியான 'ராஃப்ட்' என்ற வழிமுறை இப்படித்தான் இயங்குகிறது. காக்ரோச்டிபி போன்ற டேட்டாபேஸ்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. 4 சர்வர் வைத்தால் கூடுதல் பாதுகாப்பா? இல்லை. 4-க்குப் பெரும்பான்மை 3. அப்போதும் 1 சர்வர் இழப்பைத்தான் தாங்கும். அதனால்தான் ஒற்றைப்படை எண்ணிக்கை.

அப்போ பேக்கப் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும்! ரெப்ளிகேஷன் நல்லது கெட்டது பார்க்காது. தவறுதலாக ஒரு அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் எல்லா நகலுக்கும் போய்ச் சேரும்.

2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தில் ரெப்ளிகேஷன் கோளாறைச் சரிசெய்த பொறியாளர், ரெப்ளிகா என்று நினைத்து பிரைமரியின் டேட்டாவையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால், அது ஓடவே இல்லை! மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது தோல்வியடைந்து வந்தது யாருக்கும் தெரியவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்து டேட்டா போனது போனதுதான்.

கவனிக்க வேண்டிய 4 விஷயங்கள்

* முக்கியமான பதிவுகளுக்குப் பெரும்பான்மை சர்வர்களின் ஒப்புதல் கட்டாயம்.
* நகல்கள் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது. ஒரு தீ விபத்து போதும், எல்லாம் சேர்ந்து போய்விடும்.
* ரெப்ளிகா எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.
* பேக்கப்பைத் தனியாக எடுத்து, அதிலிருந்து டேட்டாவை மீட்க முடிகிறதா என்று அடிக்கடி சோதிக்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.