புதிய ஊரும் சைக்கிள் சவாரியும்

சைக்கிள் விடத் தெரிவது வேறு. சாலையில் சைக்கிள் விடத் தெரிவது வேறு. முன்னதை நம்மில் பலர் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டோம். வாடகைச் சைக்கிளை எடுத்து, இருக்கை எட்டாத பருவத்தில் குரங்குப் பெடல் போட்டு, ஏரிக்கரையிலும் கோயில் வீதியிலும் பழகிய வித்தை அது. அங்கே எதிரே வருபவர் இன்னார் என்று நமக்குத் தெரியும். நாம் எந்தச் சந்தில் திரும்புவோம் என்பது அவருக்கும் தெரியும். பிழைப்பை நாடித் தில்லிக்கோ மும்பைக்கோ பெங்களூருக்கோ வந்து, வேலைக்குச் செல்ல ஒரு சைக்கிளை வாங்கும்போது அந்த நிலை மாறிவிடுகிறது. இங்கே நம்மை அறிந்தவர் எவருமிலர். ஆகவே, அடுத்து நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பிறர் முன்கூட்டியே உணரும்படி ஓட்டுவதே நமக்கு முதற்பாதுகாப்பு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 4,800-க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். மாதந்தோறும் நாம் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து ஊரில் ஒரு குடும்பம் இருக்கையில், நம் கையும் காலும் நமக்கு மட்டுமே உரியவை அல்ல.

பெருஞ்சாலைக்குச் செல்லுமுன், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு வெற்றிடத்தில் மூன்று பயிற்சிகளைச் செய்துகொள்ளல் நலம். முதலாவது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராகச் செல்லுதல். கை காட்ட இது வேண்டும். இரண்டாவது, தோளுக்கு மேலாகப் பின்னே பார்த்தும் கோடு பிறழாமல் ஓட்டுதல். பழக்கமில்லாதவர் தலையை வலப்புறம் திருப்பினால் கைப்பிடியும் உடன் திரும்பும். எந்த வண்டிக்கு அஞ்சித் திரும்பிப் பார்த்தாரோ, அந்த வண்டியின் பாதையிலேயே அவர் போய் விழுவார். மூன்றாவது, குறித்த இடத்தில் நிறுத்துதல். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் பின்சக்கரம் எழும்பி நம்மைத் தூக்கி எறியக்கூடும். இரண்டு பிரேக்குகளையும் ஒருசேர, படிப்படியாக அழுத்த வேண்டும். புறப்படுமுன் டயரில் காற்று, பிரேக், மணி, செயின் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள அரை நிமிஷம் போதும். வேட்டி நுனி, துப்பட்டா, சேலைத் தலைப்பு ஆகியவை சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ள வேண்டும். சைக்கிளோட்டிக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமன்று. எனினும் அணிவதே அறிவுடைமை.

இனிச் சாலைக்கு வருவோம். இடப்புறம் செல்க என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி. ஆயினும், எதிரே வரும் வண்டியைக் கண்ணால் கண்டுகொள்ளலாமே என்றெண்ணிச் சிலர் வலப்புற ஓரமாக எதிர்த்திசையில் செல்கின்றனர். இது பெரும் பிழை. நாம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திலும், கார் 50 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். ஒரே திசையில் சென்றால் கார் நம்மை நெருங்கும் வேகம் 35 கிலோமீட்டர். எதிரெதிரே சென்றால் 65. நூறு மீட்டர் இடைவெளி மறைய முன்னதில் சுமார் பத்து விநாடியாகும். பின்னதில் ஆறு விநாடிகூட இல்லை. மேலும், பின்னால் வருபவர் வேகத்தைக் குறைத்து நம்மைப் பின்தொடரலாம். எதிரே வருபவருக்கு அந்த வழியும் இல்லை.

இடப்புறம் என்றால் சாக்கடை விளிம்பு என்று பொருளல்ல. அங்கே மணலும் கண்ணாடித் துண்டும் பள்ளமும் இருக்கும். அவற்றைக் கண்டு திடீரென்று வலப்புறம் ஒடிப்பதுதான் விபத்துக்கு வித்து. விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் விட்டு, நேர்கோட்டில் செல்க. நிறுத்தியிருக்கும் கார்களின் அருகே, திறக்கும் கதவு நம்மை எட்டாத அளவு விலகியிருத்தல் வேண்டும். சிக்னலில் லாரி அல்லது பஸ்ஸின் இடப்பக்கமாக நுழைந்து நிற்பது ஆகாது. அந்த இடத்தில் ஓட்டுநரின் கண்ணுக்கு நாம் புலப்படமாட்டோம். வண்டி இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உட்புறமாக ஒதுங்கி நம்மை நெருக்கும்.

பெரிய நாற்சந்தியில் வலப்புறம் திரும்ப அஞ்சுவோர் வெட்கப்பட வேண்டியதில்லை. இடப்புறமாகவே நேரே கடந்து, மறுமுனையில் நின்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, அடுத்த பச்சை விளக்கில் செல்லலாம். இறங்கித் தள்ளிக்கொண்டு, நடப்பவரோடு கடப்பதும் நல்வழியே.

ஊருக்கு ஊர் அபாயம் வேறுபடும். தில்லியில் டிசம்பர், ஜனவரி மூடுபனியில் காலை நேரத்திலும் விளக்கு வேண்டும்: முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு. வெள்ளைச் சட்டையைவிட, ஒளியைத் திருப்பி வீசும் பட்டை தொலைவிலிருந்தே தெரியும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைநீர் பள்ளங்களை மறைத்துவிடும். சக்கர விளிம்பு நனைந்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். ஆதலால் முன்கூட்டியே இலேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்துக்கொள்க. கொல்கத்தாவில் டிராம் தண்டவாளம் எஞ்சியுள்ள தெருக்களில், கூடியவரை அதனைக் குறுக்காக வெட்டிக் கடக்க வேண்டும். சாய்வாகச் சென்றால் சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும்.

மும்பையில் விடியற்காலையில் இட்லிப் பாத்திரங்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்படும் நம்மவர் பலர். சுமை ஏறினால் சைக்கிளின் குணமே மாறும். நிற்க அதிக தூரம் பிடிக்கும். முன்சக்கரம் கனமிழந்து தடுமாறும். கனமான பொருளைத் தாழ்வாகவும், இருபுறமும் சமமாகவும் கட்டி, முதலில் சிறிது தூரம் தள்ளிப் பார்த்து, பின்னர் ஏறுவது முறை.

இறுதியாக மொழியைப் பற்றி ஒரு சொல். பின்னாலிருந்து ஒருவர் எச்சரித்துக் கூவும்போது, அதன் பொருள் விளங்காமல் திகைத்து நிற்பது அயலூரில் நமக்குள்ள தனி இடர். இடம், வலம் என்னும் இரு சொற்களையாவது முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வோம். ஹிந்தியில் பாயேன், தாயேன். மராத்தியில் டாவா, உஜ்வா. கன்னடத்தில் எட, பல. நிற்கச் சொல்லும் ஹிந்திச் சொல் ருக்கோ. நம் பக்கத்தில் பேச, மொழியே வேண்டாத கருவி ஒன்று உண்டு: அது நம் கை. வலப்புறம் திரும்புமுன் பின்னே ஒரு பார்வை, நன்றாக நீட்டிய வலக்கை, பிறகே திருப்பம். இந்த மூன்றும் இவ்வரிசையில் பழக்கமாகிவிட்டால், நம் பெயரறியாத ஓட்டுநரும் நம் எண்ணத்தை அறிந்து வழிவிடுவார்.