ஊர் தள்ளிவைத்தவனின் இரண்டு குரல்கள்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விரட்டியடிக்கப்பட்டவன் ஊர் திரும்புகிறான். திருடியதற்காக விரட்டவில்லை, கொலை செய்ததற்காகவும் இல்லை. ஊரார் நம்பிய கடவுளை அவன் நம்பவில்லை, அதுதான் குற்றம். இப்போது தான் நேசித்த மெலிண்டாவைப் பார்க்க வேண்டும், முடிந்தால் கையோடு அழைத்துப் போய்விட வேண்டும். வந்த காரியம் அவ்வளவுதான்.

ஸ்வீடனின் மெட்டல் இசைக்குழுவான ஓபெத் 1999 அக்டோபரில் வெளியிட்ட 'ஸ்டில் லைஃப்' ஆல்பத்தின் கதை இது. 7 பாடல்கள், 62 நிமிடங்கள். மெட்டல் இசையில் சாத்தானும் தலைகீழ்ச் சிலுவையும் பழகிப்போன அடையாளங்கள். இந்தக் கதையை நகர்த்த அவை தேவைப்படவே இல்லை. இங்கே இருட்டு, சிலுவையின் பெயரால் கூடித் தீர்ப்புச் சொல்லும் சபையில் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் திருச்சபையும் அரசும் ஒன்றாய் இருந்த நாடு ஸ்வீடன். இரண்டும் பிரிந்தது 2000 ஜனவரி 1 அன்றுதான். ஆல்பம் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பாடல்களை எழுதிப் பாடிய மைக்கேல் ஓகர்ஃபெல்ட்டுக்கு இரண்டு குரல்கள். ஒன்று அடித்தொண்டை உறுமல், மற்றொன்று தாலாட்டும் மென்குரல். முதல்முறை கேட்பவர்கள் பலர் உறுமல் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஐந்தாவது பாடலான 'ஃபேஸ் ஆஃப் மெலிண்டா'விலிருந்து தொடங்குங்கள்.

மார்ட்டின் லோபஸ் டிரம்ஸை பிரஷ்ஷால் வருடுகிறார். இந்த ஆல்பத்தில்தான் குழுவோடு முதன்முதலாகப் பதிவு செய்த மார்ட்டின் மெண்டஸின் பேஸ் கிடாரில், கோட்டுவாத்தியத்தைப் போலவே மெட்டுகள் இல்லை. சுரங்கள் வழுக்கியபடி வருகின்றன. மெலிண்டா கடவுளுக்கென்று சத்தியம் செய்து கொடுத்தவள். ஆனாலும் மனம் இவனிடம்தான் என்று ஒப்புக்கொள்கிறாள். பாடல் முழுக்க ஒரு உறுமல்கூடக் கிடையாது. கடைசியில் கிடார்கள் கனத்து எழும்போதும் குரல் மென்மையை விடுவதில்லை.

அடுத்த பாடலில் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். அங்கே உறுமல் திரும்பி வருகிறது. அதுவரை வெறும் சத்தமாகக் கேட்டது, இப்போது வேறு எப்படியும் வெளிவர முடியாத அழுகையாகக் கேட்கிறது. ஊரை எதிர்கொள்ள ஒரு குரல், அவளிடம் பேச ஒரு குரல் என்று இவனைப் பிளந்தது அந்தச் சபைதான். வெறிகொண்டு சபையின் வீரர்களை வெட்டிச் சாய்க்கிறான். அதை ஆல்பம் நியாயப்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கொலைகளின் பாரமும் சேர்ந்தே அவன் மேல் ஏறுகிறது.

கடைசிப் பாடலான 'வைட் கிளஸ்டர்'இல் அவனுக்குத் தூக்கு. ஊர் கூடி நிற்கிறது. கயிறு இறுகும் நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே மெலிண்டா அவனுக்காகக் காத்து நிற்கிறாள்.