போர்டு மாற்றினால் ஊருக்கே சொல்கிறோம். செல்போனில் பெயர் மாற்றினால்?



கடைப் பெயரை மாற்றுவது நம் தொழிலில் லேசான காரியம் அல்ல என்பது நாம் அனைவரும் அறிந்ததே. 1989-ல் எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை ஆகி, நானும் என் தம்பியும் விருதுநகரில் தனித்தனியே மண்டி வைத்தோம். அப்போது தகப்பனார் வைத்த கடைப் பெயரில் ஒரு சொல்லைக் கூட்ட வேண்டி வந்தது. ஒரே ஒரு சொல்தான். அதற்கு நல்ல நாள் பார்த்தோம். புதிய போர்டின் அடியில் பழைய பெயரையும் சிறிய எழுத்தில் எழுதினோம். நோட்டீஸ் அச்சடித்தோம். வெளியூர்ப் பார்ட்டிகளுக்குத் தபால் கார்டு போட்டோம். வங்கி, விற்பனை வரி அலுவலகம், லாரி ஷெட் என்று எல்லா இடத்திலும் எழுதிக் கொடுத்தோம். வேலை முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அதே கடையின் பெயரை 2025 ஆவணியில் செல்போனில் மாற்ற ஒரு நிமிடம்தான் ஆனது. அந்த ஒரு நிமிடத்துக்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

கணக்கு வழக்கைப் பார்க்கும் என் இளைய மகன், "அப்பா, வாட்ஸ்அப்பில் நம்ம பேரு ரொம்ப நீளமா இருக்கு. முதல் எழுத்தை மட்டும் இங்கிலீஷில் வைத்து, பக்கத்தில் டிரேடர்ஸ் என்று போட்டால் பார்க்க நன்றாக இருக்கும்" என்றான். பழைய போர்டின் படத்தை எடுத்துவிட்டு ஒரு புதிய சின்னத்தையும் வைத்தான். நானும் சரி என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. போன் நம்பர் அதேதானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

புரட்டாசிக் கடைசி, தீபாவளி நெருக்கம். சாத்தூர் பக்கம் கிராமத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் இருபது ஆண்டுகளாக எங்களிடம் பருப்பும் வற்றலும் எடுப்பவர். அவருக்கு மகன் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருந்தான். பழைய போனில் பதிந்திருந்த எண்கள் அதில் ஏறவில்லை. அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் பழைய பெயர், பழைய போர்டு படம், வேறு ஒரு நம்பர். "எங்கள் நம்பர் மாறிவிட்டது. பாக்கியை இன்றே அனுப்பினால் தீபாவளிச் சரக்கு பழைய ரேட்டில் கிடைக்கும்" என்று எழுதியிருந்தது. அவரும் ரூ.38,500 அனுப்பிவிட்டார்.

மறுநாள் மாலை பாக்கி கேட்டு நாங்கள் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது. "அண்ணாச்சி, பழைய பேரும் போர்டும் இருந்ததால் அதை நம்பினேன். இங்கிலீஷ் பேரில் வந்ததைத்தான் யாரோ ஏமாற்றுகிறான் என்று திறக்காமல் விட்டுவிட்டேன்" என்றார். அதாவது, திருடன் எங்கள் பெயரில் வந்தான். நாங்கள் அந்நியன் பெயரில் போனோம்!

திருடனுக்கு எங்கள் போர்டு படம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். வியாபாரிகள் குழுக்களில் விலைப் பட்டியலோடு நாங்களே போட்டு வைத்த படம்தான்.

பணம் மோசடிக்கு உடனே தெரிவிக்க வேண்டிய 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகாரும் பதிவு செய்தோம். ஆனால் ஒரு நாள் கடந்துவிட்டதால் பணத்தை அதற்குள் எடுத்துவிட்டார்கள். பேரேட்டில் அவர் பாக்கியில் பாதியை நான் தள்ளுபடி எழுதினேன். "நாம் ஏன் எழுத வேண்டும்?" என்று மகனுக்கு வருத்தம். "போர்டை மாற்றிவிட்டு ஊருக்குச் சொல்லாதது யார் குற்றம்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

பெயர் யாருக்கு எப்படித் தெரிகிறது?

இதன் பிறகு உட்கார்ந்து விசாரித்தபோது நான் கற்றுக்கொண்டவை சில. வாட்ஸ்அப்பில் நாம் என்ன பெயர் வைத்தாலும், நம் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவருக்கு அவர் பதிந்த பெயர்தான் தெரியும். எங்கள் வாடிக்கையாளர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் "மிளகாய் மண்டி" என்று வைத்திருக்கிறார். இன்னொருவர் "பாக்கி" என்றே பதிந்திருக்கிறார்! நாம் வைக்கும் பெயர் தெரிவது, நம் எண்ணைப் பதியாதவர்களுக்கு மட்டுமே. அதாவது, நம்மை நன்றாகத் தெரியாதவர்களுக்கும், போனை மாற்றி எண்களைத் தொலைத்தவர்களுக்கும். ஏமாறக் கூடியவர்களும் இவர்கள்தான்.

பேஸ்புக்கில் ஒருவர் தம் சொந்தப் பெயரை மாற்றினால் 60 நாட்களுக்கு மறுபடி மாற்ற முடியாது. இன்ஸ்டாகிராமில் 14 நாட்களுக்குள் இரண்டு முறை மாற்றலாம். பேஸ்புக்கில் கடைக்கென்று வைக்கும் பக்கத்தில், அது எப்போது தொடங்கியது, முன்பு என்னென்ன பெயர் இருந்தது என்பதைப் பக்கத்தின் விவரப் பகுதியில் யாரும் பார்க்கலாம். புதிய பார்ட்டி ஒருவர் பேஸ்புக் பக்கத்தைக் காட்டி ஆர்டர் கேட்டால், இதைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. போன மாதம் வரை வேறு பெயரில் வேறு பொருள் விற்ற பக்கமாகக்கூட இருக்கும்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதி

நம்மைப் போன்ற சிறு வியாபாரிக்குத்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் அமெரிக்காவில் டுவிட்டர் நிறுவனம், மாதம் 8 டாலர் கட்டுபவர்களுக்கு நீல நிற அடையாளக் குறி கொடுத்தது. யாரோ ஒருவர் அந்தக் குறியை வாங்கி, எலி லில்லி என்ற பெரிய மருந்துக் கம்பெனியின் பெயரை வைத்துக்கொண்டு, "இன்சுலின் இனி இலவசம்" என்று போட்டுவிட்டார். உண்மையான கம்பெனி மன்னிப்புக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் அதன் பங்கு விலையும் இறங்கியது. செல்போனில் தெரியும் பெயர் போர்டு அல்ல. சாக்பீஸில் எழுதிய சிலேட்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம்.

பணம் போகும் இடத்துப் பெயர்

ஆனால் சாக்பீஸில் எழுத முடியாத பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக் கணக்கில் உள்ள பெயர். யுபிஐ மூலம் பணம் அனுப்பும்போது, வங்கிப் பதிவில் உள்ளபடி பெறுபவரின் பெயரைத்தான் காட்ட வேண்டும், நாமாக வைத்துக்கொண்ட பெயரைக் காட்டக் கூடாது என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டு, ஜூன் 30-க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. நெப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளிலும் பெறுபவர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

சாத்தூர்க்காரர் பணம் அனுப்பிய அன்றும் திரையில் முன்பின் தெரியாத ஒரு தனி நபரின் பெயர் வந்திருக்கிறது. "உங்கள் கணக்கப்பிள்ளை பேராக இருக்கும் என்று நினைத்தேன்" என்றார். அந்தப் பெயரைப் பார்த்து ஒரு நொடி நிறுத்தி எங்களுக்குப் போன் போட்டிருந்தால் ரூ.38,500 தப்பியிருக்கும்.

இதில் நம் பங்கும் உண்டு. நம்மில் பலர் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை வீட்டுக்காரி பேரிலோ மகன் பேரிலோ உள்ள கணக்கில் இருக்கிறது. கடைப் பெயர் ஒன்று, திரையில் வரும் பெயர் வேறு என்றால், வேறு பெயருக்குப் பணம் அனுப்பும் பழக்கத்தை நாமே வாடிக்கையாளருக்குக் கற்றுக் கொடுக்கிறோம். கடைப் பெயரில் நடப்புக் கணக்கு வைத்து, அந்தக் கணக்குக்கே அட்டை வாங்குவது நல்லது.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

பெயரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொழில் வளரும்போது பெயரும் மாறும். ஆனால் கீழ்க்கண்டவற்றை மறக்க வேண்டாம்.

1. மாற்றுவதற்கு முன்பே எல்லாப் பார்ட்டிகளுக்கும் பழைய எண்ணிலிருந்து செய்தி அனுப்புங்கள். முக்கியமானவர்களிடம் வாயால் சொல்லுங்கள்.

2. பில்லின் அடியில் பழைய பெயர், புதிய பெயர், போன் எண், வங்கிக் கணக்கில் உள்ள பெயர் நான்கையும் சில மாதங்களுக்கு அச்சடியுங்கள்.

3. எண்ணை மாற்றுவதானால் வாட்ஸ்அப்பிலேயே அதற்கென்று உள்ள வசதி மூலம் மாற்றுங்கள். பதிந்து வைத்துள்ள ஆட்களுக்கு அது அறிவிப்பும் அனுப்பும்.

4. "நம்பர் மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்" என்று யார் பெயரில் செய்தி வந்தாலும், பழைய எண்ணுக்குப் பேசிக் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

5. புதிய பார்ட்டி என்றால் அவருடைய 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை வாங்கி, ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சட்டப்படியான பெயரும் வணிகப் பெயரும் அதில் வரும்.

6. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 1930-க்குப் பேசுங்கள்.

எங்கள் கடையின் வாட்ஸ்அப்பில் இப்போது தகப்பனார் வைத்த பெயரும் அந்தப் பழைய போர்டு படமும் திரும்ப வந்துவிட்டன. மகனே மாற்றினான். இந்த முறை, மாற்றும் முன் எல்லாப் பார்ட்டிகளுக்கும் ஒவ்வொருவராகப் பேசினான். இரண்டு நாள் ஆயிற்று. சாத்தூர்க்காரருக்குத்தான் முதல் போன். அவர் இப்போதும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

பெயர் சம்பாதிக்க ஒரு தலைமுறை ஆகிறது. அதை மாற்ற ஒரு நிமிடம் போதும் என்று செல்போன் சொல்லலாம். வியாபாரி அப்படி நினைக்கக் கூடாது.