சிறிய கைத்துப்பாக்கியை நம்பலாமா?

மாணவர் மலரில் கைத்துப்பாக்கியைப் பற்றிக் கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கலாம். ஆயுதத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. இயந்திரப் பொறியியல் பயிலும் எனக்கு, கண்ணெதிரே நடந்த ஒரு நிகழ்ச்சி பல நாள் உறக்கத்தைக் கெடுத்தது. அதைக் கூறி, அதன் காரணத்தையும் என்னால் இயன்றவரை விளக்குகிறேன்.

என் வகுப்புத் தோழன் ஒருவனின் தந்தையார் நகை வியாபாரி. இரவில் கடையைப் பூட்டிக்கொண்டு பணத்தோடு வீடு திரும்புகிறவர். ஆதலால் உரிமம் பெற்று, கைக்குள் அடங்கும் .32 பிஸ்டல் ஒன்றை இடுப்பில் மறைத்து வைத்திருக்கிறார். வாங்கிப் பத்து ஆண்டுகளாகியும் அதைச் சுட்டுப் பார்த்தது அபூர்வம். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் வற்புறுத்தவே, பயிற்சிக் களத்துக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன்.

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாம் முறை விசையை இழுத்தபோது ஓசையே இல்லை. வெளியே போய் விழ வேண்டிய காலித் தோட்டா, ஸ்லைடின் வாயில் குறுக்கே சிக்கி நின்றது. பெரியவரின் முகம் வெளுத்துவிட்டது. "பத்து வருஷமாக இதையா நம்பிக்கொண்டிருந்தேன்?" என்றார்.

அங்கிருந்த பயிற்சியாளர் படையிலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார். அவர் சிக்கியதை அகற்றி, அதே பிஸ்டலை இறுகப் பிடித்து, அதே பெட்டியிலிருந்த தோட்டாக்களையே சுட்டார். ஒருமுறைகூடத் தடை ஏற்படவில்லை. "குற்றத்தில் பாதி துப்பாக்கிக்கு, பாதி மணிக்கட்டுக்கு" என்றார். அந்தப் பாதிக் கணக்கு எப்படி வந்தது?

இத்தகைய .32 பிஸ்டல்களிற் பெரும்பாலானவற்றில் பின்வாயிலைப் பூட்டும் தாழ் கிடையாது. மேலே ஓடும் ஸ்லைடின் எடையும், அதைத் தாங்கும் ஸ்பிரிங்கின் வலிமையுமே வெடிப்பைச் சமாளிக்கின்றன. வெடித்தவுடன் ஸ்லைடு பின்னே பாய்கிறது. காலித் தோட்டாவை உருவி எறிகிறது. சுத்தியலை நிமிர்த்தி வைக்கிறது. திரும்பி வருகையில் மகஸினிலிருந்து புதுத் தோட்டாவைத் தள்ளிக் குழலுக்குள் செலுத்துகிறது. இத்தனையும் இமை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகின்றன.

இந்த இயந்திரத்தைச் சட்டைப் பைக்கு ஏற்றவாறு குறுக்கினால் என்ன ஆகும்? ஸ்லைடு இலேசாகிறது, அதற்கு ஈடாக ஸ்பிரிங் கடினமாகிறது. ஸ்லைடு ஓடும் தூரம் குறைகிறது. அடுத்த தோட்டா மேலெழும்பக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. கைப்பிடியுள்ள அடிப்பாகமும் இலேசாகிவிடுகிறது. அங்கேதான் ஆபத்து. கட்டாத படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னே நழுவும், தாவலும் குறையும். அதுபோல, அடிப்பாகத்தைக் கை அசையாமல் நிறுத்தாவிட்டால் ஸ்லைடின் ஓட்டம் அரைகுறையாக நின்றுவிடும். பெரிய துப்பாக்கியில் அதன் எடையே நம் தளர்ச்சியை ஓரளவு மன்னிக்கிறது. சிறியதில் மன்னிப்பு சொற்பம்.

.32 தோட்டாவுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வகுத்த இத் தோட்டாவின் அடிவிளிம்பு, உடலைவிடச் சற்றே அகன்றது. மகஸினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் இறங்கிவிட்டால், இரண்டும் கொக்கி போட்டதுபோல் மாட்டிக்கொள்ளும். இவற்றோடு இடுப்பு வியர்வையால் ஏறும் துருவையும், துணியிலிருந்து சேரும் பஞ்சுத் தூசியையும் கூட்டிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு துடைக்காத பிஸ்டல் ஏன் நின்றது என்று கேட்க வேண்டியதில்லை.

நிற்க. இனி விசைக்கு வருவோம். சுபேதார் பிஸ்டலை வெறுமையாக்கி, இருமுறை சரிபார்த்து, விசையை இழுத்துப் பார்க்க எனக்கு அனுமதி தந்தார். அப்பப்பா! விரல் நடுங்கியது. களத்திலிருந்த சுருள்வில் தராசில் மாட்டிப் பார்த்தோம். ஐந்து கிலோவைத் தாண்டியது. சுத்தியலை நிமிர்த்தி வைத்துவிட்டு இழுத்தால் இரண்டு கிலோ அளவுதான். ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் 1929-இல் பி.பி. என்றும், 1931-இல் அதைவிடச் சிறிதாக பி.பி.கே. என்றும் வெளியிட்ட பிஸ்டல்களால் பரவிய முறை இது. முதல் இழுப்பு சுத்தியலைத் தூக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். ஆகவே நீளம், கனம். அதன்பின் ஸ்லைடே சுத்தியலைத் தூக்கிவிடுகிறது, ஆகவே இலேசு. முதற் குண்டுக்கு ஒரு கனம், அடுத்த குண்டுக்கு வேறொரு கனம். பழகாத விரல் இரண்டுக்கும் இடையே தடுமாறும்.

ஒரு கிலோகூட இல்லாத பொருளின் மீது ஐந்து கிலோ இழுவை! முனை அசையாமல் என்ன செய்யும்? பெரியவர் அறியாமல் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை மகஸினில் கலந்து வைத்தார் சுபேதார். அதன் முறை வந்தபோது வெடிச் சத்தம் இல்லை. ஆனால் பிஸ்டலின் மூக்கு கீழே குனிந்ததை எல்லோரும் கண்டோம். இனிக் கணக்கைப் பாருங்கள். குறி பார்க்கும் இரு முளைகளுக்கும் இடையே 10 செ.மீ. இருந்தால், அங்கே 1 மி.மீ. பிசகு, 10 மீட்டர் தொலைவில் 10 செ.மீ. பிசகாக வளரும். நீண்ட துப்பாக்கியில் முளைகளின் இடைவெளி 20 செ.மீ. என்றால் பிசகு பாதியாகும்.

அப்படியானால் விசையை இலேசாக்கிவிடலாமே என்று நானும் கேட்டேன். பந்தயங்களில் சுடும் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலின் விசை 500 கிராம் இருந்தாலே போதும். அதைச் சுட்டுப் பார்த்தேன், நினைத்தவுடன் வெடித்தது. சுபேதார் சொன்னார்: "அது குறியை நோக்கி நிற்கும்போது மட்டும் நிரப்பப்படுவது. இதுவோ நாள் முழுவதும் நிரம்பியபடி இடுப்பில் கிடப்பது. சாவிக்கொத்து பட்டாலும் துணி மடிந்து மாட்டினாலும் வெடிக்கக் கூடாது. அந்தக் கனம் காவற்காரன், பேட்டா!" 1982-இல் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட கிளாக் பிஸ்டல் நடுவழி கண்டது: ஒவ்வொரு முறையும் ஒரே கனம், சுமார் இரண்டரைக் கிலோ, விசையின் நடுவே சிறு நெம்பு, விரல் அதையும் சேர்த்து அழுத்தினாலன்றி விசை பின்னே நகராது. எம்முறையாயினும், சுட முடிவு செய்யும்வரை விரல் விசைக்கு வெளியே இருப்பதே முதற் காவல்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 9 மி.மீ. பிஸ்டல் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட வகை; .32 இங்கே பெருகியதற்கு அது ஒரு காரணம்.

இன்னொன்றையும் மறத்தற்கில்லை. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் மார்பைத் துளைத்ததும் ஒரு சிறிய பிஸ்டலே. இத்தாலியின் 1934 மாதிரி பெரெட்டா. அது மூன்று முறையும் தடையின்றி வெடித்தது. இயந்திரம் நம்பத் தகுந்ததாயிருப்பது வேறு. அதைப் பிடித்த கை நம்பத் தகுந்ததாயிருப்பது வேறு அன்றோ!

பெரியவர் இப்போது மாதம் ஒருமுறை களத்துக்கு வருகிறார். ஸ்பிரிங்கை மாற்றிவிட்டார், தாமே துடைத்து எண்ணெயிடுகிறார். பிஸ்டல் இப்போது நிற்பதில்லை. ஆனால் அவர் என்னிடம் கூறியது வேறு: "முன்பு துப்பாக்கி இருக்கிறதே என்று இருட்டுச் சந்தில் குறுக்கே நடப்பேன். இப்போது விளக்கு எரியும் பெரிய தெரு வழியாகவே போகிறேன்."