பாட்டுக்காரரைத் தேடி 14 ஆண்டுகள்

தானா லோக்கலில் தினமும் போய் வரும் நம்மவர்களுக்குக் காட்கோபரைத் தெரியாமல் இருக்காது. நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கிப் போனால் கிழக்கு விரைவு நெடுஞ்சாலை வரும். 1997ல் அந்தச் சாலையை ஒட்டினாற்போல் ரமாபாய் அம்பேத்கர் நகர் என்ற பெரிய குடிசைப் பகுதி இருந்தது. டாக்டர் அம்பேத்கரின் மனைவி பெயரால் அமைந்த குடியிருப்பு அது.

அந்த ஆண்டு ஜூலை 11-ந் தேதி பொழுது விடிந்ததும், அங்கிருந்த அம்பேத்கர் சிலையின் கழுத்தில் யாரோ செருப்பு மாலை போட்டிருப்பதை ஜனங்கள் கண்டார்கள். கொதித்துப் போய் சாலைக்கு வந்து மறியல் செய்தார்கள். மாநில ரிசர்வ் போலீசார் வேனில் வந்து இறங்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். 10 பேர் செத்து விழுந்தார்கள்.

நாலு நாள் கழித்து, ஜூலை 15-ந் தேதி, விலாஸ் கோக்ரே என்ற பாட்டுக்காரர் தன் வீட்டில் தூக்கு மாட்டிக்கொண்டார். அவர் இடதுசாரி மேடைகளில் பாடி வந்தவர். சாகும்போது தலையில் கட்டியிருந்த துணியோ சிவப்பு அல்ல, நீலம். நீலம் அம்பேத்கர் இயக்கத்தின் கொடி நிறம்.

வாழ்நாளெல்லாம் சிவப்புக் கொடியின் கீழ் பாடியவர், கடைசி நேரத்தில் ஏன் நீலத்தைக் கட்டிக்கொண்டார்? இந்தக் கேள்வி ஒரு சினிமா டைரக்டரைப் பிடித்துக்கொண்டது. அவர் ஆனந்த் பட்வர்தன். டாகுமெண்டரி படங்கள் எடுப்பவர். அன்று தொடங்கிய படத்தை 2011ல்தான் முடித்தார். பெயர் "ஜெய் பீம் காம்ரேட்". ஒரு படத்துக்கு 14 ஆண்டுகள்!

ஷாகீர் என்றால் யார்?

படத்தைப் பற்றிச் சொல்லுமுன் ஷாகீர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மராட்டியத்தில் கதைப்பாட்டுப் பாடுகிறவருக்கு ஷாகீர் என்று பெயர். அந்தப் பாட்டு பவாடா. நம்மூரில் கட்டபொம்மன் கதையைப் பாடவில்லையா, அந்த மாதிரி. ஆதியில் அது சிவாஜி மகாராஜாவின் வீரத்தைப் பாடும் பாட்டு. 1869ல் ஜோதிராவ் பூலே அதே சிவாஜியைப் பாமர மக்களின் மன்னனாக வைத்துப் புதிதாக ஒரு பவாடா எழுதினார். மேளமும் மெட்டும் பழசு, சொல்லும் விஷயம் புதுசு. அம்பேத்கர் காலத்தில் ஜல்ஸாக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் அவர் கொள்கையைப் பாட்டும் கூத்துமாகப் பரப்பின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் பேப்பர், அதுதான் ரேடியோ.

இந்த வரிசையில் பெரிய பெயர் அண்ணாபாவ் சாத்தே. அவரும் காட்கோபர்க்காரர்தான், சிராக் நகர் குடிசையில் வாழ்ந்தவர். சாங்லி ஜில்லாவில் 1920ல் பிறந்து, பஞ்சம் பிழைக்க நடந்தே பம்பாய் வந்த குடும்பம். பள்ளிக்கூடம் போனது ஓரிரு நாள் என்பார்கள். அவரும் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரும் சேர்ந்து 1940களில் செங்கொடிக் கலைக்குழு ஒன்றை அமைத்தார்கள். மில் தொழிலாளர் மத்தியில் அவர்கள் பாட்டுக்கு இருந்த மவுசைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

அவருடைய ஒரு பாட்டு, மனைவியைக் கிராமத்தில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவன் அவளை நினைத்து ஏங்குவதாக ஆரம்பிக்கும். கேட்கிறவன் கண் கலங்கிக் கொண்டிருக்கும்போதே, அது ஐக்கிய மராட்டியக் கிளர்ச்சிப் பாட்டாக மாறிவிடும். வண்டி ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு அலுங்காமல் மாறுவதைப்போல! ஊரில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஒற்றை அறையில் எட்டுப் பேராகத் தங்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1969ல் சாத்தே காலமானார். 2002ல் அவர் படம் போட்ட தபால் தலை வந்தது.

சேலத்துக்குப் போன பஸ்

விலாஸ் கோக்ரே அந்த வழியில் வந்தவர். பட்வர்தனுக்கு அவர் பழக்கமானது 1985ல் வெளிவந்த "பம்பாய் ஹமாரா ஷஹர்" படத்தில். குடிசைகளையும் நடைபாதை வீடுகளையும் இடித்த கதை அது. கோக்ரே அதில் பாடியிருக்கிறார். தேசிய விருது பெற்ற படம்.

அந்த இடிப்பில் நம்மவர் பங்கும் உண்டு. 1981 ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே அனுப்பி வைப்பது என்று மகாராஷ்டிர அரசு முடிவு செய்தது. சேலம் பக்கத்திலிருந்து 1961ல் வந்த ஒரு தொழிலாளி தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய்க்கு வேலை பார்த்து வந்தார். ஊரில் நிலமற்ற விவசாயக் கூலி. மழை பொய்த்ததால் வந்தவர். மேற்கு விரைவு நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட கூரைக்கு அவரிடம் ஒரு குடிசை முதலாளி 2,500 ரூபாய் பிடுங்கியிருந்தான். ஜூலை 23 அன்று அதை இடித்து, மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். குடும்பம் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே ஒதுங்கினார். இது கதையல்ல, சுப்ரீம் கோர்ட்டு 1985 ஜூலை 10-ல் அளித்த தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொன்ன பிரபலமான தீர்ப்பு அது. ஆனால் நடைபாதை வீடுகளை இடிக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை!

அந்தப் படத்தில் ஒரு காட்சி என் மனதை விட்டு நீங்காது. வீடு இடிந்து நிற்கும் ஒரு பெண், படம் பிடிக்க வந்தவர்களைப் பார்த்துச் சீறுகிறாள். எங்களைப் படம் எடுத்து நீங்கள் பேர் வாங்குவீர்கள், எங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அவள் பேச்சின் சாரம். டைரக்டர் அதை வெட்டி எறியவில்லை. படத்திலேயே வைத்துவிட்டார். பிறர் துயரத்தை வைத்துக் கலை செய்கிற எவரும் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பத்திரிகைக்கு எழுதுகிற நானும்தான். பட்வர்தன் 14 ஆண்டுகள் அலைந்ததை அவளுக்குச் சொன்ன பதிலாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

டாங்கர் லாரி

ரமாபாய் நகரில் சுட்டதற்குப் போலீசார் சொன்ன காரணம், சாலையில் நின்ற காஸ் டாங்கர் லாரியைக் கூட்டம் கொளுத்தப் பார்த்தது என்பது. டாங்கர் வெடித்திருந்தால் ஊரே எரிந்திருக்கும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. "ஜெய் பீம் காம்ரேட்" படம் அந்த நியாயத்தைப் பிரித்துப் பார்க்கிறது. டாங்கர் நின்றது எங்கே, குண்டு பட்டு விழுந்தவர்கள் நின்றது எங்கே என்று காட்டுகிறது. அரசு அமைத்த குண்டேவார் கமிஷனும் துப்பாக்கிச் சூடு தேவையற்றது என்றே சொன்னது. சுட உத்தரவிட்ட சப்-இன்ஸ்பெக்டருக்கு செஷன்ஸ் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது 2009ல். சம்பவம் நடந்து 12 ஆண்டுகள் கழித்து! அப்பீலில் ஐகோர்ட்டு அவருக்கு ஜாமீன் கொடுத்தது.

இத்தனைக்கும் நடுவே படம் பாட்டை விடவே இல்லை. கோர்ட்டு வாய்தா தள்ளிப் போகிறது; தலைவர்கள் கட்சி மாறுகிறார்கள்; 2006ல் கைர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்படுகிறார்கள். எது நடந்தாலும் யாராவது ஒருவர் டோல்கியைத் தட்டி அதைப் பாட்டாக்கி விடுகிறார். செத்தவர் பெயரை அரசாங்க பைல் மறந்தாலும் பாட்டு மறப்பதில்லை. அழுகைப் பாட்டு மட்டுமல்ல, கேலிப் பாட்டும் உண்டு. சில இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தேன். கூட்டம், ஊர்வலக் காட்சிகள் சில நீளம் என்பது என் அபிப்பிராயம். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல். 2012ல் இந்தப் படத்தை முதலில் காட்டியது பைகுல்லாவில் பி.ஐ.டி. சால் முற்றத்தில், குளுகுளு தியேட்டரில் அல்ல. எந்த ஜனங்களின் பாட்டோ, அவர்களே முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த ஆண்டு தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் கிடைத்தது.

பாடியவர்கள் சிறையில்

படத்தின் பின்பகுதியில் பூனாவைச் சேர்ந்த கபீர் கலா மஞ்ச் என்ற இளைஞர் குழு வருகிறது. 2002 குஜராத் கலவரத்துக்குப் பிறகு உருவான குழு. அதில் ஷீத்தல் சாத்தே என்ற பெண்ணின் குரல் இருக்கிறதே, மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும். 2011ல் போலீசார், இக்குழுவினருக்கு மாவோயிஸ்டு தொடர்பு என்று சொல்லி, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் சிலரைக் கைது செய்தார்கள். மற்றவர்கள் தலைமறைவானார்கள். நாங்கள் பாடுகிறவர்கள், துப்பாக்கி எடுத்தவர்கள் அல்ல என்பது குழுவின் வாதம். 2013 ஏப்ரல் 2 அன்று ஷீத்தலும் அவர் கணவர் சச்சின் மாளியும் மும்பை சட்டசபைக் கட்டிடத்தின் முன் பகிரங்கமாக வந்து நின்றார்கள். அப்போது அவர் கர்ப்பிணி. ஜூன் மாதம் ஐகோர்ட்டு அவருக்கு ஜாமீன் அளித்தது. கணவர் ஜாமீனில் வெளிவர 2017 ஜனவரி ஆயிற்று. சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. 2020 செப்டம்பரில் எல்கார் பரிஷத் வழக்கில் அக்குழுவினர் மூன்று பேர் மறுபடி கைதானார்கள்.

ஷாகீர்களின் பாட்டை நேரில் கேட்க விரும்பும் அன்பர்கள் டிசம்பர் 6 அன்று தாதருக்குப் போகலாம். டாக்டர் அம்பேத்கரின் நினைவு நாள். நாக்பூர் முதல் பல ஊர்களிலிருந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் வருவார்கள். ரயில்வேயும் ஸ்பெஷல் வண்டிகள் விடும். "இன்று வண்டியில் ஏற முடியாது" என்று சலித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவது நம்மவர் வழக்கம். மேற்கு வாசலில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் சிவாஜி பார்க் வந்துவிடும். புத்தகக் கடைகளுக்கு நடுவே ஆங்காங்கே பாட்டுக் குழுக்கள் நின்று பாடும். டிக்கெட் கிடையாது. மராத்தி அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும்.